ஆபரேட்டர் கழுவிய ஸ்பாஞ்ச்

யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, "டேங்க் கழுவி நாளாச்சு போல" என்பார். குடிநீர் நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக ஆபரேட்டராக இருப்பதில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். ஆனால் குழாயில் மண் வாடை வந்தால் முதல் போன் அவருக்குத்தான் போகும். ஆபரேட்டர் என்பதே அவர் பெயராகிவிட்டது. தண்ணீர் விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவரும் நம்பியிருந்தார்.

அவருடைய அக்கா இரண்டு தெரு தள்ளி இருந்தாள். ஒரே மகள் கல்யாணமாகிப் போனபின் தனி வீடு. கூடத்தில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி, அதில் ஐந்து தங்கமீன்கள். இருப்பதிலேயே மூத்தது, கைமுட்டி அளவு பெருத்த ஆரஞ்சு மீன். அதற்குப் பெரியவர் என்று பெயர். அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டாலே ஐந்தும் கண்ணாடியோடு வந்து ஒட்டிக்கொள்ளும். "வந்துட்டேன், வந்துட்டேன், பறக்காதீங்க" என்று மரியாதை குறையாமல் பேசியபடிதான் தீனி போடுவாள்.

தொட்டிக்குள் இருந்த சின்ன ஃபில்டர் நாளெல்லாம் கரகரவென்று கத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் அக்கா தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், இந்தச் சத்தம் தாங்க முடியலடா. வெளியில வைக்கிற ஃபில்டர்னு ஒண்ணு இருக்காமே. உனக்குத்தானே இதெல்லாம் தெரியும், பாத்து வாங்கிக் குடு."

"இதெல்லாம் எனக்கு ஒரு விஷயமாக்கா? ஞாயித்துக்கிழமை மாட்டிடலாம்."

டேப் வைத்துத் தொட்டியின் நீள அகல உயரத்தை அளந்தார். இருநூற்றைம்பது லிட்டர். ஒரு மணி நேரத்தில் அந்தத் தண்ணீர் நாலு தடவையாவது ஃபில்டருக்குள் போய் வரவேண்டும். அப்படியானால் மணிக்கு ஆயிரம் லிட்டர் இழுக்கிற மெஷின். மீன் கடையில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். முழங்கை வரை ஈரம். மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தாள். அவர் நடுவில் இருந்ததைத் தொட்டதும், "சரியாப் புடிச்சிட்டீங்க சார். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்" என்றாள்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"மாட்டும்போது ஒண்ணு மட்டும் சார்" என்று அவள் தொடர்ந்தாள். "பழைய ஃபில்டர் ஸ்பாஞ்ச் இருக்குல்ல, அதை..."

அவர் கையை உயர்த்தினார். "நான் வாட்டர் ஒர்க்ஸ்மா. ஊருக்கே தண்ணி சுத்தம் பண்றவன். எனக்கு ஃபில்டர் சொல்லித் தரீங்களா?"

அவள் வாயை மூடிக்கொண்டு பெட்டியைப் பையில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வேலை மளமளவென்று நடந்தது. வாளி போன்ற அந்த ஃபில்டரைத் தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் வைத்தார். உள்ளே மூன்று தட்டுகள். அடித்தட்டில் புது ஸ்பாஞ்ச், மேலே வெள்ளை வெள்ளையாகப் பீங்கான் வளையங்கள். தண்ணீரை இழுக்க ஒரு குழாய், திருப்பி விட ஒரு குழாய். ஒரு திருகை இறுக்க மறந்ததில் தரையெல்லாம் தண்ணீர். அக்கா சிரித்தபடியே துடைத்தாள். மூடியில் இருந்த பொத்தானை நாலைந்து தடவை அழுத்தியதும் குபுகுபுவென்று காற்று வெளியேறி, பிறகு சத்தமே இல்லை.

"ஓடுதாடா?"

"கைய வெச்சுப் பாரு."

அக்கா கையை வைத்துப் பார்த்தாள். மெல்லிய அதிர்வு. முகம் மலர்ந்துவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வந்தது வந்தோம் என்று தொட்டியின் கூழாங்கற்களையும் கழற்றிய பழைய ஃபில்டரின் ஸ்பாஞ்சையும் குளியலறைக்குக் கொண்டுபோய்க் குழாயைத் திறந்துவிட்டார். பழுப்பாகப் பிசுபிசுத்த ஸ்பாஞ்சை வெளுக்கும்வரை பிழிந்து, பால்கனிக் கொடியில் காயப்போட்டார். "பாத்தியா எவ்ளோ அழுக்கு!" என்றார். டீயோடு வந்த அக்கா வாயைப் பிளந்தாள்.

வியாழக்கிழமை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீரோ கண்ணாடி மாதிரி தெளிவு. அன்று சாயங்காலம் ஒரு சின்ன மீன் செத்து மிதந்தது. மறுநாள் காலை போன் வந்தது. அக்கா அழவில்லை. "பெரியவர் போயிட்டார்டா" என்றாள்.

"பழுதான மெஷினத் தலையில கட்டிட்டா அவ!" என்று அவர் கொதித்தார். சனிக்கிழமை அக்காவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். உள்ளே நாலைந்து பேர் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினார். கடைக்காரப் பெண் அவர் முடிக்கும்வரை காத்திருந்து, அக்காவிடம் திரும்பினாள்.

"அம்மா, அந்தப் பழைய ஸ்பாஞ்ச என்ன பண்ணீங்க? நல்ல கிருமியெல்லாம் அதுலயும் கல்லுலயும்தான் குடியிருக்கும். மீன் கழிவு விஷமா மாறாமப் பாத்துக்கிறது அதுங்கதான். அதை அப்படியே புது ஃபில்டருக்குள்ள வெச்சிருக்கணும். குழாய்த் தண்ணியில கழுவினா, குளோரின் மொத்தத்தையும் கொன்னுடும்."

குளோரின். அதற்குமேல் அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு கிருமிகூட உயிரோடு இருக்கக்கூடாதென்று இருபத்திரண்டு வருடமாக அதைத் தண்ணீரில் கலந்த கை அவருடையது. காது இரண்டும் சுட்டது. வாய் திறந்தபடியே நின்றது.

"நான்தாம்மா கழுவினேன்" என்றாள் அக்கா. "அழுக்கா இருக்கேன்னு..."

கடைக்காரப் பெண் அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு அக்காவுக்கு எல்லாம் சொன்னாள். தினமும் கால்வாசித் தண்ணீரை மாற்ற வேண்டும். புதுத் தண்ணீரில் குளோரினை முறிக்கும் சொட்டு மருந்து விட வேண்டும். திட்டு வாங்கும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அவர் பக்கத்தில் நின்று ஒரு மீன் தீனி டப்பாவின் பின்பக்கத்தை முழுசாகப் படித்தார். அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திரும்பி வரும் வழியிலும் சொல்லவில்லை. அக்கா வேறு ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் நேரே கடைக்குப் போய், மற்றவர்கள் வெளியேறும்வரை வாசலில் நின்றார்.

"அன்னைக்கு எங்கக்கா சொன்னது நிஜமில்லம்மா. கழுவினது நான்."

கடைக்காரப் பெண் தான் துடைத்துக்கொண்டிருந்த தொட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. "தெரியும் சார். அவங்க சொன்னப்போ உங்க மூஞ்சியத்தான் பாத்தேன்."

"நீங்க சொல்ல வந்தப்போ நான் விடல."

"ஆமா சார். விடல."

பரவாயில்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்திருந்தார். அவள் சொல்லவில்லை. தன் தொட்டியிலிருந்து பழுப்பேறிய ஸ்பாஞ்ச் ஒன்றை எடுத்து, அந்தத் தண்ணீரோடு கவரில் போட்டுக் கட்டிக் கொடுத்தாள். "இதையாவது கழுவாம வைங்க."

அன்றே அதை ஃபில்டருக்குள் வைத்தார். மூன்று வாரம் தினமும் சாயங்காலம் போய் வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினார். மிச்சமிருந்த மூன்றும் பிழைத்தன. ஒருநாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, அந்தக் கடையில போய் உண்மையச் சொல்லிட்டேன்" என்றார்.

அக்கா வெடுக்கென்று திரும்பினாள். "எதுக்குடா? இப்போ நான்ல பொய்க்காரி ஆயிட்டேன்!"

அது அவர் யோசிக்காத விஷயம். மறுபடியும் காது சுட்டது. "நீ ஏன்க்கா அப்படிச் சொன்னே?"

"நாலு பேர் முன்னாடி நீ நின்ன கோலத்தப் பாக்க சகிக்கல. வேற என்ன பண்ணச் சொல்ற?" தீனி டப்பாவை மூடிவைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஆனா என்கிட்டயாவது 'என் தப்புக்கா'ன்னு ஒரு வார்த்தை நீ சொல்வேன்னு நெனச்சேன்டா. அன்னைக்கு வர்ற வழியெல்லாம் பாத்தேன்."

அவர் வாளியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்விட்டார்.

அடுத்த மாதம் அக்கா இரண்டு குட்டி மீன் வாங்கக் கிளம்பினாள். அவர் கடை வாசல்வரை கூட வந்து, போன் வருகிறது என்று வெளியிலேயே நின்றுகொண்டார். காதில் வைத்த போனில் யாருமில்லை. உள்ளே இரண்டு பெண்களும் பேசுவது கேட்டது. நடுவில் ஒருமுறை சேர்ந்து சிரித்தார்கள். எதற்கென்று தெரியவில்லை.

கவரில் நீந்தும் மீன்களோடு அக்கா வெளியே வந்தாள். "பேசி முடிச்சிட்டியா?"

"ம்."

"அந்தப் பொண்ணு உன்னை விசாரிச்சா. உள்ள போய் ஒரு வார்த்தை பேசிட்டு வா. நான் நிக்கிறேன்."

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி படியேறினார்.