ஒரு நிமிட விசில்

மும்பை செம்பூரில், கடுமையான உடல் குறைபாடுள்ள குழந்தைகளின் பள்ளி விளையாட்டு விழா. ஓய்வுபெற்ற அரசு அதிகாரி என்று என்னை நடுவராக்கினார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம் என்று நானே விதி எழுதினேன்.

சக்கர நாற்காலியிலிருந்த மீனா, நாற்காலியின் முன்பலகையில் உள்ள பந்தைத் தள்ள வேண்டும். அவள் விரல்கள் மெல்ல விரிந்து பந்தை நெருங்கின. நிமிடம் முடிந்ததும் விசில் ஊதினேன். அவள் உடல் தூக்கிப்போட்டது. கை இறுக மூடிக்கொண்டது.

“மூணு மாசமா இதுக்குத்தான் பழகுனா. கொஞ்சம் பொறுத்தா என்ன, சார்?” என்றாள் தாராவியிலிருந்து வந்திருந்த அவள் அம்மா.

“இன்னொரு சான்ஸ் தரேம்மா. ரூல்ல இடமிருக்கு.”

“ரூல் ஒங்க கையில இருக்கு. அவ கை தொறக்கணும்லா?”

பள்ளி வேன் வரும்வரை அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். திறக்கவில்லை.

அலுவலகத்தில் கோப்புகளை மாதக்கணக்கில் காக்கவைத்தவன் நான்.