ஜெபக்குறிப்பில் எழுதிய முகவரி

தனகோட்டிக்கு வயது நாற்பத்தெட்டு. அதில் பத்தொன்பது ஆண்டுகள் நெய்வேலி நகரியத்தின் தெருக்களைப் பெருக்குவதில் கழிந்தவை. கம்மாபுரம் பக்கத்துக் காலனி ஒன்றில் பிறந்தவள். கணவனை இழந்தபின் காண்ட்ராக்ட் கூலியிலேயே ஒரே மகள் இசைப்பிரியாவை டிப்ளமோ வரை படிக்க வைத்தவள். அவளைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் எதுவும் இல்லாதிருந்தது, கடந்த தை மாதம் வரை.

தையில் இசைப்பிரியா, அதே ஊரின் ஊர்த்தெருவைச் சேர்ந்த சிவசங்கரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். காலனிப் பெண், ஊர்த்தெருப் பையன். அன்றைக்கே இருவரும் ஓசூருக்குப் பேருந்து ஏறி, ஒரே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்கள். சிவசங்கரின் தாய்மாமன் சிங்காரவேல், "எங்க இருந்தாலும் தேடி எடுப்பேன்" என்று டீக்கடையில் நின்று சொன்னதாகத் தனகோட்டியின் காதுக்கு வந்தது. அன்று முதல் வாசலில் ஒரு பைக்கின் வேகம் குறைந்தால் போதும், எழுந்துபோய்க் கதவைத் தாழிடுவாள்.

இந்தப் பயத்தை இறக்கி வைக்க அவளுக்கு ஓர் இடம் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் ஞானசுந்தரியின் குவார்ட்டர்ஸில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். தனகோட்டியின் கணவன் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் தூக்குவாளியில் கஞ்சி கொண்டு வந்தவள் ஞானசுந்தரி. அந்தக் கஞ்சி பொய்யில்லை. அதைத் தனகோட்டி இன்றும் ஒப்புக்கொள்வாள். அந்த நன்றியில்தான் கூட்டத்திற்குப் போகத் தொடங்கினாள். ஒரே பாயில் உட்கார வைத்து 'சிஸ்டர்' என்று அழைத்தார்கள். மறுநாள் காலை தெருவில் அதே வாய், "ஏம்மா, கேட்டு பக்கத்துல சருகு கெடக்குது பாரு" என்றது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சித்திரையில் ஞானஸ்நானம் பெறுவதென்று முடிவு செய்திருந்தாள்.

கூட்டத்தின் இறுதியில் ஒவ்வொருத்தியும் தன் குறையைச் சொல்ல, ஞானசுந்தரி அதை நீல அட்டை நோட்டில் எழுதிக்கொள்வாள். அதற்கு ஜெபக்குறிப்பு என்று பெயர். வாரம் முழுவதும் பெண்கள் ஆளுக்கொரு மணி நேரம் முறை வைத்து அந்தக் குறிப்புகளுக்காக ஜெபிப்பார்கள்.

மாசி முதல் வெள்ளியன்று தனகோட்டி வாய் திறந்தாள்.

"எம் பொண்ணு தூர தேசத்துல இருக்குதுங்க. அதுக்கு ஒரு ஆபத்தும் வரக்கூடாதுங்க."

"தூர தேசம்னா எப்படி சிஸ்டர்? பேரு, இடம் எல்லாம் தெளிவா வச்சு ஜெபிக்கணும். கர்த்தருக்கு முன்னால ஒளிவு மறைவு எதுக்கு? இங்க சொல்றது இந்த நாலு சுவத்தைத் தாண்டாது," என்றாள் ஞானசுந்தரி.

தனகோட்டி தயங்கினாள். சுற்றிலும் முக்காடிட்ட தலைகள்; எல்லாம் கவிழ்ந்திருந்தன. சொல்லிவிட்டாள்: ஓசூரில் பூ மார்க்கெட்டுக்குப் பின்னால், மருந்துக்கடை மாடியில். பேனா நோட்டில் ஓடும் ஓசை அப்போது அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழிந்தது. ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு, வேப்பஞ்சருகைக் குவித்துக்கொண்டிருந்தவளின் அருகே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. சிங்காரவேல். சுரங்கத்தில் பர்மனென்ட் ஊழியர். அன்று அவருக்கு இரண்டாம் ஷிப்ட். மடிப்புக் கலையாத சட்டை, நெற்றியில் திருநீறு. அவர் அதட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவரோ சிரித்தார்.

"என்னம்மா தனகோட்டி, பெருக்கிக்கினு இருக்கறியா? நல்லாப் பெருக்கு. பொண்ணு சௌக்கியமா?"

"தெரியலீங்க. போன் கூட பண்றதில்லீங்க."

"அப்படியா? பூ மார்க்கெட் பின்னாடி மருந்துக்கட மாடின்னு சொன்னாங்க. காத்தோட்டமாத்தான் இருக்கும். மாத்திர மருந்து வேணும்னாலும் கீழயே கெடைக்கும், இல்ல?"

ஸ்கூட்டர் போய்விட்டது. விளக்குமாறு எப்போது கையிலிருந்து நழுவியது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மகளின் எண்ணை அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கம்பெனிக்குள் நுழையும்போதே செல்போனை வாங்கிப் பூட்டிவிடுவார்கள். இனி இரண்டு மணிக்குத்தான் கைக்கு வரும். சிவசங்கருக்கும் அதே ஷிப்ட். நான்கு மணி நேரம். இங்கிருந்து ஓசூருக்குக் காரில் எத்தனை மணி நேரம்? மறுபடி மறுபடி கணக்குப் போட்டாள். மருந்துக்கடை மாடி என்பதை அவள் தன் வாழ்நாளில் ஒரே ஓர் இடத்தில்தான் உச்சரித்திருந்தாள்.

ஞானசுந்தரி வாசலில் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். தலைக்குமேல் வேத வசனப் பலகை தொங்கியது.

"அம்மா, எம் பொண்ணு இருக்கற எடத்த யாருகிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்ட சொன்னேன்? ஜெபிக்கிறவங்களுக்கு வாட்ஸ்அப்ல போட்டேன். எங்க வீட்டுக்காரரும் அந்தக் குரூப்ல இருக்காரு. ஷிப்ட் பஸ்ல பேச்சுவாக்குல சொல்லியிருப்பாரு."

"யாருகிட்டங்க?"

"சிங்காரவேல் அண்ணன் பக்கத்து சீட்டுதானே. இருபது வருசப் பழக்கம். அந்த மனுசன் அழுதாராம்மா. தூக்கி வளர்த்தவங்களுக்கு வயிறு எரியாதா?"

"நாலு சுவத்தத் தாண்டாதுன்னு சொன்னீங்களே."

ஞானசுந்தரியின் விரல்கள் நின்றன. குரல் தாழ்ந்தது, அதில் கோபம்கூட இல்லை, ஓர் உண்மையை எடுத்துச் சொல்லும் நிதானம்தான் இருந்தது. "தனகோட்டி, எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு. கர்த்தர் முன்னால எல்லாரும் ஒண்ணுதான், நான் இல்லேங்கல. ஆனா கல்யாணம்னு வந்தா அவங்கவங்க இடத்துல இருக்கிறதுதானே ஒழுங்கு? சரி, அழாத. வா, ஜெபிப்போம். கண்ணை மூடு."

தலையை நோக்கிக் கை நீண்டது. தனகோட்டி ஓரடி பின்னால் வைத்தாள். இத்தனை வெள்ளிக்கிழமைகள் இந்த வீட்டில் கண்ணை மூடியிருக்கிறாள். இப்போது மூடப் பயமாக இருந்தது. மூடிய நேரத்தில்தானே எல்லாம் நடந்திருக்கிறது.

இரண்டு மணி வரை அவள் பெருக்கிய தெருவையே மீண்டும் பெருக்கினாள். உடன் வேலை செய்யும் பார்வதி, "ஏன்டி, தாரு ரோட்டத் தேச்சு எடுத்துடுவ போலக்குது" என்று கேலி செய்தாள்; முகத்தைப் பார்த்ததும் தானும் ஒரு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். இரண்டு மணிக்குத் தனகோட்டி மகளை அழைத்தாள், அணைத்திருந்தது. இரண்டே காலுக்கும் அப்படியே. இரண்டு இருபதுக்கு மறுமுனையில், "ம்மா, சாப்டியா?" என்று மகளின் குரல் கேட்டது.

"வூட்டுக்குப் போவாத. ரெண்டு பேரும் நேரா போலீஸ் ஸ்டேஷன் போங்க. துணி, பாத்திரம் ஒண்ணும் வாணாம்டி. போவாத!"

மகள் காரணம் கேட்கவில்லை. அந்தக் குரலே போதுமானதாக இருந்தது. ஓசூர்க் காவல் நிலையத்தில் இருவரும் மனு எழுதிக் கொடுத்துவிட்டு, தெரிந்தவர் வீட்டில் தங்கினார்கள். அன்று மாலை ஆறு மணிக்கு நான்கு பேர் ஒரு காரில் வந்து மாடி ஏறினார்களாம். பூட்டைப் பார்த்து, கதவை உதைத்துவிட்டுப் போனார்களாம். மருந்துக்கடைக்காரர் மறுநாள் சொன்னார்.

சித்திரை வந்தது, ஞானஸ்நானத்திற்குத் தனகோட்டி போகவில்லை. அவள் விசுவாசத்தில் பின்வாங்கிப் போய்விட்டாள் என்றும், அவளுக்காகப் பாரத்தோடு ஜெபிக்க வேண்டும் என்றும் குரூப்பில் ஞானசுந்தரியின் குரல்பதிவு வந்ததாகத் தெரிந்தது. பார்வதிதான் ஒரு நாள் கேட்டாள்: "அந்தச் சாமி மேல உனக்குக் கோவமா?"

"சாமி எனக்கு என்னா பண்ணுச்சு? அதுகிட்ட சொல்றது மொதல்ல இவங்க காதுலதான வுழுவுது."

ஒரு பைக் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அது கடந்து போகும்வரை தனகோட்டி பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகலில் இசைப்பிரியா அழைத்தாள். ஓசூரை விட்டுப் போயாயிற்று; புதிய ஊர், புதிய வேலை. குரலில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது.

"ம்மா, வூடு பாத்துட்டோம். ரெண்டு ரூம்பு. எங்கன்னா..."

"சொல்லாத."

"உங்கிட்டதாம்மா சொல்றேன், வேற யாருகிட்ட?"

"எங்கிட்டயும் சொல்லாதடி. சொன்னா ஒரு நாளு மனசு தாங்காம எங்கயாவது கொட்டிடுவேன்." சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "அங்க மழ பேயுதா? அத மட்டும் சொல்லு" என்றாள்.