லாச்சிக்குள் பூட்டி வைத்த ஆர்டர் அட்டைகள்

எழுபதுகளோட கடைசி. மலேசியாவுல, கேமரன் மலையில ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸ்ல நான் சின்னக் கிராணியா, அதாவது குமாஸ்தாவா இருந்தேன். வயசு இருபத்து நாலு. வெள்ளைச் சட்டை, பையில ரெண்டு பேனா. அதுல ஒண்ணு எழுதாது, சும்மா அழகுக்கு. அப்படிப்பட்ட ஆள் நான்னு முதல்லயே சொல்லிடறேன்.

போன மாசம் என் மருமகன் தன்னோட வியாபாரத்துக்கு வெப்சைட் திறக்கப் போறேன்னு கொண்டுவந்து காட்டினார். பொருளோட படம், எத்தனை வேணும், எப்படிக் கேட்டு வாங்கறது, எல்லாம் ஒரே பக்கத்துல. "எப்படி மாமா இருக்கு?"ன்னு கேட்டார். நல்லா இருக்குன்னு சொன்னேன். ஆனா அன்னைக்கு முழுக்க எனக்கு மனசே சரியில்ல. இதே வேலையைக் கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல ஒருத்தன் செஞ்சான். அதைக் கெடுக்கப் பார்த்தவன் நான்.

அவனும் நானும் ஒரே லயத்துல, தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகள்ல வளர்ந்தவங்க. ஒரே பள்ளிக்கூடம். நான் ஐந்தாம் படிவம் பாஸ் பண்ணி ஆபீசுக்குப் போனேன். அவன் மூன்றாம் படிவத்தோட நின்னு, ஆலையில கொழுந்து வாட்டற வேலைக்குப் போயிட்டான். அவன்மேல எனக்கு ரொம்பப் பிரியம். நமக்கு ஒரு படி கீழே இருக்கிறவன்கிட்ட பிரியமா இருக்கிறது சுலபம்லா, அது எனக்கு அப்பத் தெரியாது.

அந்த வருஷம் அவன் திடீர்னு ஆலை வேலையை விட்டுட்டான். பக்கத்துல கோலா தெர்லாவுல ஒரு சீனர்கிட்ட அரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, தீபாவளிக்குச் சரியா பூக்கிற மாதிரி சாமந்தி நட்டான். மொத்த வியாபாரிகிட்ட கொடுக்காம, ஈப்போ, கோலாலம்பூர், கிள்ளான்ல இருக்கிற மாலைக் கடைங்களுக்கும் கோயில்களுக்கும் நேரா லோரியில அனுப்பணும்னு அவன் திட்டம். அவன் அம்மா கொழுந்து பறிக்கிறவங்க. அவங்க காதுலயும் கழுத்துலயும் கிடந்ததெல்லாம் அடகுக்குப் போய், செடியாகவும் உரமாகவும் ஆயிடுச்சு. தீபாவளிக்கு முன்னாடி பூ போய்ச் சேரணும். சேரலைன்னா அவங்களுக்கு வேற வழியே இல்ல.

சரி, பூ இருக்கு. ஆனா கிள்ளான்ல இருக்கிற மாலைக் கடைக்காரருக்கு இவன் யாருன்னு எப்படித் தெரியும்? போன் கிடையாது. அப்பதான் அந்த யோசனை வந்தது. தோட்டத்து மேனேஜர் துரை படிச்சு முடிச்ச இங்கிலீஷ் பத்திரிகை என் மேசையில கிடக்கும். அதுக்குள்ள சந்தா கேட்டு ஒரு அட்டை இருக்கும். பூர்த்தி செஞ்சு அப்படியே தபால்ல போட்டுடலாம். அந்த அட்டையை நான் படிச்ச பக்கத்துக்கு அடையாளமா வச்சுக்கிட்டு இருந்தேன். இவன் ஒருநாள் ஆபீசுக்கு வந்தவன் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "நம்ம பூவுக்கும் இந்த மாதிரி ஒண்ணு அடிச்சா என்னடா?"ன்னான். அத்தனை நாள் அது கிடந்தது என் மேசையில, எனக்குத் தோணலை. அங்கேயே எனக்குச் சுருக்குன்னுச்சு.

அதுக்கப்புறம் ஏழெட்டு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் உட்கார்ந்து அந்த அட்டையைத் தயார் பண்ணினோம். தமிழ், மலாய், இங்கிலீஷ் மூணுலயும் எழுதினது நான். அவன் படம் வரைஞ்சான். மஞ்சள் சாமந்தி, வெள்ளை, சிவப்பு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு படம், பக்கத்துல ஒரு கட்டம். எத்தனை கட்டு வேணுமோ அந்தக் கட்டத்துல குறிச்சா போதும். எனக்கு அந்தப் படங்களைக் கண்டாலே பிடிக்கலை. நான் அழகா மூணு மொழியில எழுதி வச்சிருக்கேன், நடுவுல கிண்டர்கார்டன் புத்தகம் மாதிரி பூப்படம் எதுக்குன்னு சண்டை போட்டேன். "மாலை கட்டற பொம்பளைங்க நிறைய பேருக்குப் படிக்கத் தெரியாதுடா. எங்கம்மா கடை வச்சிருந்தா இதை எப்படிக் குறிப்பாங்கன்னு நினைச்சுப் பாரு"ன்னான். மத்ததுக்கெல்லாம் என் பேச்சைக் கேட்டவன் அதுல மட்டும் அசையலை.

அட்டையோட பின்பக்கம் முகவரி. லயத்து வீட்டுக்குன்னு தனியா தபால் வராது. தோட்டத்துக்கே சேர்த்து ஒரு பை வரும். காலையில அதை ஆபீஸ்ல பிரிச்சு, ஆளைக் கூப்பிட்டுக் கொடுக்கணும். அது என் வேலை. அதனால தோட்டத்து ஆபீஸ் முகவரியையே போட்டான். "உன் கைக்குத்தானே வரப்போகுது, எனக்கென்ன கவலை"ன்னு சிரிச்சான். எந்தக் கடையில இருந்து வருதுன்னு தெரியணும்னு, ஒவ்வொரு அட்டையிலயும் கடைப் பேரையும் ஊரையும் என் கையாலயே எழுத வச்சான். திருப்பி அனுப்பத் தபால்தலைகூட அவனே ஒட்டினான்.

ஈப்போவுல அச்சாகி வந்த அன்னைக்குத்தான் எனக்குள்ள பொறாமை முழுசா எந்திரிச்சு உட்கார்ந்தது. அட்டையில அவன் பேர் கொட்டை எழுத்துல இருந்தது. மூணு மொழியும் என்னுது, ஆனா என் பேர் எங்கேயும் இல்ல. போடச் சொல்லி நான் கேட்கவும் இல்ல. ஆனாலும் அவனா போடுவான்னு எதிர்பார்த்தேன். துரை ஒரு அட்டையை எடுத்துப் பார்த்துட்டு, நம்ம தோட்டத்து ஆளா இதைச் செஞ்சதுன்னு ஆச்சரியப்பட்டார். இவனைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார். நாலு வருஷமா அவருக்கு நான் கடிதம் டைப் அடிச்சுக் கொடுக்கிறேன், எனக்கு ஒரு நாளும் கை கொடுத்தது இல்ல. வீட்டுக்கு வந்தா எங்கப்பா, "அவன் தலையெடுத்துட்டான். நீ பேனாவைச் சொருகிக்கிட்டு இப்படியே கிட"ன்னார். சோத்துல கை வச்சா இறங்கலை.

அட்டைங்க எல்லாம் ஊர் ஊராப் போச்சு. எனக்குள்ள ஒரு நப்பாசை. எதுவும் திரும்பி வராது, நாலு நாள் ஆடிட்டு ஆலைக்கே திரும்பி வருவான்னு நினைச்சேன்.

முதல் அட்டை ஒரு திங்கக்கிழமை வந்தது. கிள்ளான்ல ஒரு மாலைக் கடை. மஞ்சள் சாமந்தி படத்துக்குப் பக்கத்துக் கட்டத்துல, எண் எழுதத் தெரியாம, கோடு கோடா இழுத்து வச்சிருந்தாங்க. அவன் சொன்னது அப்படியே நடந்திருக்கு. நான் அந்தக் கோடுகளையே பார்த்துக்கிட்டு இருந்தேன். நாளைக்குக் கொடுத்துக்கலாம், ஒரு நாள் தவிக்கட்டும்னு மேசை இழுப்பறை, நாங்க லாச்சின்னு சொல்றது, அதுக்குள்ள போட்டுப் பூட்டினேன். அவ்வளவுதான் நான் நினைச்சது. ஒரே ஒரு நாள்.

மறுநாள் நாலு அட்டை வந்தது. அதைக் கொடுத்தா, முதல் அட்டை ஏன் நேத்தே வரலைன்னு கேட்பான். அதனால அதுவும் லாச்சிக்குள்ள போச்சு. மூணாம் நாள் இன்னும் கொஞ்சம். ஒரு வாரத்துல லாச்சியை அழுத்திச் சாத்த வேண்டிய அளவுக்கு ஆயிடுச்சு. இவன் தினமும் காலையில தபால் பை வர்ற நேரத்துக்கு வந்து கதவோரமா நிப்பான். நான் எல்லாக் கடிதத்தையும் பிரிச்சு முடிச்சுட்டு, உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டுவேன். பாவமா முகத்தை வச்சுக்கறதுக்கு நல்லாவே பழகிட்டேன். பரவால்லடா, நாளைக்கு வரும்னு அவன்தான் எனக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போவான். மறைக்காம சொல்றேன், அந்த நேரத்துல எனக்குச் சந்தோஷமா இருந்தது.

அவன் அம்மாதான் என்னைக் கொஞ்சம் அசைச்சாங்க. கொழுந்தை எடை போட்டுட்டு, கூடையோட ஆபீஸ் ஜன்னல்கிட்ட வந்து நிப்பாங்க. தூக்கி வளர்த்த பிள்ளை நான், ஆனாலும் ஆபீஸ்னு வந்தா மரியாதை. "கிராணி ஐயா, பூ அட்டை ஏதும் வந்துச்சுங்களா?"ன்னு கேட்பாங்க. இல்லம்மான்னு சொல்லிட்டுப் பேரேட்டுல குனிஞ்சுக்குவேன். அவங்க போற வரைக்கும் நிமிர மாட்டேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு மத்தியானம் அவன் வந்தான். பெரிய கிராணி சாப்பிடப் போயிருந்தார், ஆபீஸ்ல நான் மட்டும்தான். வந்தவன் எதிர் நாற்காலியில உட்கார்ந்தான். அப்புறம் சொன்னான், பூ விரிய ஆரம்பிச்சிருச்சாம், ரெண்டு மூணு நாள்ல வெட்டலைன்னா செடியிலேயே அழுகிடுமாம். மொத்த வியாபாரியும் இப்ப வேணாம்னுட்டானாம். "துரைக்கு ஒரு மனு எழுதிக் கொடுடா. ஆலையில பழைய வேலையே வேணும்னு எழுது. நீ எழுதினா படிப்பாரு"ன்னான்.

நான் தாளை எடுத்து டைப் மெஷின்ல சொருகினேன். அந்த நிமிஷம்கூட என் புத்தி மாறலை, பாருங்க. ஐயா அவர்களுக்குன்னு தொடங்கி ரெண்டு வரி அடிச்சும் முடிச்சேன்.

அப்ப அவன் தலையைக் குனிஞ்சபடியே, "உன்மேல தப்பு இல்லடா. நீ எழுதினது நல்லாத்தான் இருந்துச்சு. படம் வேணாம்னு நீ தலைதலையா அடிச்சுக்கிட்டே. நான்தான் கேட்கலை. பார்த்தவன் எல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டுன்னு நினைச்சுத் தூக்கிப் போட்டிருப்பான்"னான்.

லாச்சிக்குள்ள இருந்த அத்தனை அட்டையிலும் குறி இருந்தது அந்தப் படத்துக்குப் பக்கத்துலதான். என் எழுத்தை யாரும் படிச்சாங்களான்னுகூடத் தெரியாது. அவன் செஞ்சதுலேயே சரியான ஒண்ணு எதுவோ, அதைத்தான் தப்புன்னு நம்பிக்கிட்டு உட்கார்ந்திருக்கான். அப்படியே ஆலைக்குத் திரும்பிப் போய், ஆயுசு முழுக்க அப்படியே நம்பிக்கிட்டு இருப்பான். எனக்கு அதுக்கு மேல விரல் ஓடலை. சாவியை எடுத்து லாச்சியைத் திறந்து, எல்லா அட்டையையும் அள்ளி அவன் முன்னாடி மேசையில வச்சேன்.

அவன் அடிப்பான்னு நினைச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ஒவ்வொரு அட்டையா எடுத்துத் தபால் முத்திரையைப் பார்த்தான். திருப்பி அந்தக் கட்டங்களைப் பார்த்தான். கோடு கோடா போட்டிருந்த கிள்ளான் அட்டை வந்தப்ப அதை ரொம்ப நேரம் கையில வச்சிருந்தான். எந்த அட்டை எத்தனை நாளா இருக்குன்னு அவன் கேட்காமலேயே நான் உளற ஆரம்பிச்சேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"லோரிக்காரன்கிட்ட சொல்லணும். எந்திரி. லேபிள் எழுத ஆள் வேணும்" அவ்வளவுதான் சொன்னான்.

நான் லீவு போட்டுட்டுக் கூடவே போனேன். ரெண்டு நாள் முதுகு நிமிராம வெட்டினோம், கட்டினோம், பெட்டியில அடுக்கினோம். அவன் அம்மா தன்னோட கூடக் கொழுந்து பறிக்கிற நாலு பொம்பளைங்களைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. லோரி ரிங்லெட் வழியா தாப்பாவுக்கு இறங்கிப் போச்சு. பாதிக் கடை பூவை வாங்கிக்கிச்சு. மீதிக் கடைங்க பதில் இல்லையேன்னு வேற இடத்துல பூவுக்குச் சொல்லி வச்சிருந்தாங்க. கிள்ளான்காரங்களும் அதுல ஒண்ணு. அந்தப் பூவெல்லாம் திரும்பி வந்து, கொல்லையிலேயே கொட்டிக் கிடந்து அழுகிச்சு. முழுசா மூழ்காம அவன் தப்பிச்சான். அவன் அம்மாவோட நகை திரும்பி வர அதுக்கப்புறம் ரெண்டு தீபாவளி ஆச்சு.

அம்மாகிட்ட அவன் என்ன சொன்னான் தெரியுமா? அட்டையெல்லாம் வழியில எங்கேயோ தேங்கிடுச்சாம், நான்தான் தேடிக் கண்டுபிடிச்சுக் கொடுத்தேனாம். அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நீ நல்லா இருக்கணும் சாமின்னு கண் கலங்கினாங்க. அவன் பெட்டிக்கு ஆணி அடிச்சுக்கிட்டே இருந்தான், திரும்பிப் பார்க்கலை. இன்னைக்கு வரைக்கும் அவன் வாயில இருந்து அந்த விஷயம் வெளியே வரலை. இப்ப நானே சொல்றதுதான் முதல் தடவை.

அடுத்த வருஷம் புது அட்டை அடிக்க வேண்டி வந்தப்ப, அவன் பழையபடி என்னைத் தேடித்தான் வந்தான். நீ எழுதினாத்தான் நல்லா இருக்கும்னான். எல்லாத்தையும் மறந்துட்டான்னு நினைச்சேன். மூணு மொழியிலயும் எழுதி முடிச்சுத் தாளைத் திருப்பினேன், பின்பக்கம் முகவரி எழுத. அவன் மெதுவா என் கையில இருந்து பேனாவை வாங்கி, கோணல் எழுத்துல தானே எழுதினான். ரிங்லெட் போஸ்ட் ஆபீஸ்ல ஒரு தபால் பெட்டியை வாடகைக்கு எடுத்திருந்தான். அதுக்கப்புறம் அவனுக்கு வந்த ஒரு கடிதம்கூட என் ஜன்னலுக்கு வரலை. என் ஆபீஸ் அவன் வீட்ல இருந்து கூப்பிடு தூரம். அவன் மழையோ பனியோ, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கிட்டு ரிங்லெட் வரைக்கும் போய்த் தபால் எடுத்துட்டு வருவான். வழியில என்னைப் பார்த்தா நிறுத்திச் சிரிச்சுப் பேசிட்டுத்தான் போவான்.

அவன் கல்யாணத்துக்கு நான் மாப்பிள்ளைத் தோழன். என் மகள் கல்யாணத்துக்கு மண்டபம் முழுக்கப் பூ அவன் அனுப்பினது. எங்களுக்குள்ள எந்தக் குறையும் இல்லன்னுதான் ஊர் சொல்லும். ஆனா இத்தனை வருஷத்துக்கு அப்புறமும், யாராவது என்னை நம்பி ஒரு கடிதத்தைக் கையில கொடுத்தா, அதை அன்னைக்கே உரியவங்ககிட்ட சேர்க்காம எனக்கு ஒரு வாய் சோறு இறங்கறது இல்ல.