செடி மாற்றும் வேலை

நான் படித்தது தோட்டக்கலை. பூங்கா அமைப்பது, புல்தரை போடுவது, நர்சரி நடத்துவது எல்லாம் சேர்ந்த இரண்டு வருட டிப்ளமோ. வேலப்பன்சாவடிப் பக்கம் கல்லூரி, அம்பத்தூரில் வீடு. பிளஸ் டூவில் வாங்கிய மார்க்குக்கு நர்சிங் கிடைக்கவில்லை, கணக்கு எனக்கு ஆகாது, மிச்சம் இருந்தது இதுதான். சேரும்போது செடிகள் மேல் ஆசை உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றேன். அந்த இடத்தில் உட்கார்ந்து இல்லை என்று யார் சொல்வார்கள்? சொந்தக்காரர்கள் என் படிப்புக்கு வைத்த பெயர் ‘புல்லு புடுங்குற படிப்பு’. நான் சண்டைக்குப் போகவில்லை. முதல் செமஸ்டர் முழுக்க நாங்கள் நிஜமாகவே புல்தான் பிடுங்கிக்கொண்டிருந்தோம்.

நைனாவுக்குப் பாடியில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டும் வேலை. அம்மா வீட்டில் இருந்தாள். எங்களுடையது மாடிப் போர்ஷன். படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு பழைய பெயின்ட் பக்கெட்டில் அம்மா குண்டுமல்லி வைத்திருந்தாள். வடிகட்டிய டீத்தூள், நசுக்கிய முட்டை ஓடு, இதைத் தவிர அதற்கு வேறு உரம் கிடையாது. முட்டை ஓடு மட்கிச் சத்தாக மாறுவதற்குள் செடிக்கு வயதாகிவிடும் என்று நான் படித்ததை எடுத்துவிட்டேன். அவள் சிரித்துவிட்டு அடுத்த ஓட்டை நசுக்கினாள். பங்குனி பிறந்தால் செடி பூத்துக் கொட்டும். கீழ் வீட்டுக்குக் கொடுத்ததுபோக மிஞ்சுவதை அவளே கட்டி அவளே வைத்துக்கொள்வாள்.

இரண்டாம் வருடத்தில் எங்களைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எனக்குக் கிடைத்தது பூந்தமல்லிக்கு வெளியே இருந்த ஒரு நர்சரி. அங்கே செடிகளை விற்பதைவிட வாடகைக்கு விடுவதுதான் பெரிய வியாபாரம். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் கம்பெனிகளின் வரவேற்பறையிலும் மீட்டிங் ரூமிலும் தளதளவென்று நிற்கிற செடிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை அங்கே வளர்வதில்லை. வெயில் இல்லாமல் ஏசியில் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும். இலை பழுக்க ஆரம்பிக்கும் முன்பே, ஆபீஸ் திறப்பதற்கு முன்னால் நாங்கள் வேனில் போய், அதே சாதியில் அதே உயரத்தில் வேறு ஒன்றை அதே தொட்டிக்குள் இறக்கிவிட்டு வந்துவிடுவோம். செடி வாடுவதை வாடிக்கையாளர் கண்ணால் பார்க்கக் கூடாது என்பது சூப்பர்வைசர் அண்ணனின் சட்டம். கழற்றிக்கொண்டு வந்தவற்றைப் பச்சை வலைக்குக் கீழே ஒரு மூலையில் வரிசையாக வைப்போம். அந்த மூலைக்குப் பெயர் ஆஸ்பத்திரி. தேறினால் மறுபடியும் வேலைக்குப் போகும், தேறாவிட்டால் குப்பைக்குழி.

ஒருநாள் நேரமாகிவிட்டது. ஒரு கம்பெனியில் வரவேற்பில் இருக்கும் அக்கா எங்களுக்கு முன்பே வந்துவிட்டார். தன் மேஜைப் பக்கத்துச் செடிக்குத் தினமும் தானே தண்ணீர் ஊற்றுவதாகவும், அதனால்தான் அது இவ்வளவு நாளாக வாடாமல் இருக்கிறது என்றும் சொன்னார். அதைப் பலமுறை நாங்கள் மாற்றியிருந்தோம். நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் என்றேன். பொய் சொன்னதில் எனக்கு ஒன்றுமே உறுத்தவில்லை. செடி என்பது ஒரு இடத்தை நிரப்பும் பொருள், ஒன்று போனால் ஒன்று. எனக்கு அந்தத் தொழில் சீக்கிரமே வந்துவிட்டது.

ஐப்பசி மழையில் அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தாள். சிறுநீரகம் என்றார்கள். பகலில் நைனாவும் பெரியம்மாவும் மாறி மாறி இருந்தார்கள், ராத்திரிகளில் நான். அங்கிருந்தே கல்லூரிக்கும் நர்சரிக்கும் போனேன். வீட்டுக்கு வருவது குளிக்கவும் துணி மாற்றவும்தான். ஊரிலிருக்கிற செடிக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவள், படிக்கட்டில் இருந்த ஒற்றைப் பக்கெட்டை எட்டிப் பார்க்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

கார்த்திகைக் கடைசியில் அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். இனிமேல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மாடி ஏறி வந்தவள் மூச்சு வாங்க மல்லிச் செடிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒரு இலையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, “உங்க நைனா செடிய நல்லாதான் பாத்துக்கினாரு” என்றாள். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. கேலி செய்கிறாள் என்று நினைத்தேன், எதற்கென்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு முடிந்த நாட்களில் எல்லாம் அவளே தண்ணீர் ஊற்றினாள். எழுந்து வர முடியாதபோது டீத்தூளையும் முட்டை ஓட்டையும் என்னிடம் கொடுத்துப் போடச் சொன்னாள். போட்டேன்.

பொங்கல் முடிந்து அவள் போனாள். நான் அழவில்லை. அழக் கூடாது என்றெல்லாம் இல்லை, வரவில்லை. பாடையில் வைத்த சாமந்தியைச் சரியாக மலர்வதற்கு முன்பே பறித்துவிட்டார்கள் என்பது கண்ணில் பட்டது. ரோஜா இதழில் செடிப்பேன் அரித்த தழும்பு தெரிந்தது. அதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றேன். நெஞ்சழுத்தக்காரி என்று பெரியம்மா யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அவள் சொன்னதில் தப்பில்லை. காரியம் முடிந்த மறுநாளே நர்சரிக்குப் போய் தொட்டிகளைத் துடைத்தேன். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. இருந்ததைச் சாப்பிட்டேன்.

நைனாவும் அழுது நான் பார்க்கவில்லை. அவர் தண்ணீர் ஊற்றினார். வேலைக்குப் போகும்போது ஒரு சொம்பு, திரும்பி வந்ததும் ஒரு சொம்பு, டீ குடித்த பிறகு இன்னொன்று. இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று எங்கள் ஆசிரியர் வகுப்புக்கு வகுப்பு சொல்வார், அதையே நானும் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டுவார், ஒருநாள் விடுவார், அடுத்த நாள் மறுபடியும் சொம்பு. செடியின் அடியைத் தொட்டுப் பார்த்தேன், கொழகொழவென்று இருந்தது. இது பிழைக்காது என்று தெரிந்துவிட்டது. அம்மாவுக்குப் பிறகு இதுவும் அவர் கையிலேயே செத்தால் அவர் என்ன ஆவார் என்று யோசித்தேன். பாசத்தில் யோசித்தேன் என்று சொல்ல முடியாது. வேனில் போகும்போது எந்தத் தொட்டியை முதலில் மாற்றுவது என்று யோசிப்போமே, அப்படித்தான்.

மாசியில் ஒரு காலை அவர் ஷிப்டுக்குப் போனதும், நர்சரியிலிருந்து கொண்டுவந்த குண்டுமல்லியைப் பக்கெட்டில் இறக்கினேன். அதே உயரம், ஏறக்குறைய அதே கிளைகள். பக்கெட்டின் அடியில் அடைத்துக்கொண்டிருந்த ஓட்டையைக் கம்பியால் குத்தித் திறந்து, பக்கத்தில் இன்னும் இரண்டு போட்டேன், அவர் எவ்வளவு ஊற்றினாலும் வடிந்துவிடட்டும் என்று. வெளிப்பக்கத்துச் சேற்றுக் கறையைத் துடைக்கவில்லை. பழைய செடியை மண்ணோடு ஒரு கறுப்பு நர்சரிப் பையில் போட்டு, பூந்தமல்லி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வரிசையில் வைத்தேன். அழுகிய வேரையும் கிளையையும் வெட்டிவிட்டேன். அதுகூடப் பழக்கத்தில் செய்ததுதான். சாயங்காலம் நைனா வந்தார், சொம்பை எடுத்தார், ஊற்றினார். நல்ல தொழில்காரியாக இருந்தேன், அவருக்கு எதுவும் தெரியவில்லை.

பங்குனியில் மொட்டு கட்டியது. அதிலிருந்து நைனாவின் நடை மாறியது. காலையில் எழுந்ததும் செடிக்கிட்டே போய் மொட்டுகளை உற்று உற்றுப் பார்ப்பார், நான் வெளியே வந்தால் நகர்ந்துவிடுவார். நீ எல்லாம் பூவைப் பார்த்தே சாதியைச் சொல்லிவிடுவாய் இல்லையா என்று ஒருநாள் சும்மா கேட்பதுபோலக் கேட்டார். சொல்லிவிடலாம் என்றேன். அவர் முகம் சுருங்கியது. என் வேலையைக் கண்டுபிடித்துவிட்டாரோ என்று எனக்குள் கொஞ்சம் பயம் வந்தது. பல மாதத்துக்குப் பிறகு உள்ளே ஏதோ ஒன்று அசைந்தது அப்போதுதான்.

முதல் பூ மலர்ந்த காலை நைனா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் அந்தப் பூ இருந்தது. உருண்டையான, சுத்தமான குண்டுமல்லி. அம்மாவின் செடியும் இதே பூவைத்தான் பூத்தது. எந்தக் குறையும் இல்லை.

“எப்போ மாத்தின?” என்று கேட்டார்.

நான் பக்கெட்டைப் பார்த்தேன்.

“சொல்லும்மா. இதுல அடுக்குமல்லிதானே பூக்கணும்.”

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பக்கெட்டின் ஓட்டை அடைத்து மழைத் தண்ணீர் தேங்கி அவளுடைய செடி அழுகிப்போய்விட்டது. செத்த செடியைப் பார்த்துக்கொண்டு அவள் வீட்டுக்குள் வரக் கூடாது என்று, குமணன்சாவடியில் தள்ளுவண்டிக்காரனிடம் இதே உயரத்தில் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். அன்றைக்கு அவனிடம் இருந்தது அடுக்குமல்லிதான். மல்லிக்கு அது பூக்காத காலம், இலையை மட்டும் பார்த்தால் சட்டென்று தெரியாது. பூ வந்தால் நான் கண்டுபிடித்துவிடுவேன், என்னிடம் என்ன சொல்வது என்று தை மாதத்திலிருந்து பயந்துகொண்டிருந்தாராம். கடைசியில் சரியான பூ பூத்து என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

நான் மாசியில் மாற்றியதைச் சொன்னேன். பிறகு அம்மா இலையைத் திருப்பிப் பார்த்ததும், அந்தச் சிரிப்பும் நினைவுக்கு வந்தது. அத்தனை வருடம் தொட்டு வளர்த்தவளுக்கு இலையைப் பார்த்தால் போதாதா?

“அம்மாக்கு தெர்யும் நைனா” என்றேன்.

“தெர்யும்னு எனக்கும் தெர்யும். தெரிஞ்சிகினேதான் தண்ணி ஊத்துனா, ஒரு வார்த்த கேக்கல.” பூவைப் படியில் வைத்தார். “கடசியா அவ கையால தண்ணி குடிச்சது அந்தச் செடிதாம்மா. அத்த இன்னா பண்ண?”

அவர் சொம்பு சொம்பாக ஊற்றியது எதற்கென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். ஆவடி ரோட்டில் லாரிகள் ஊர்ந்தன. ஆஸ்பத்திரி வரிசையில் தேறாததை வாராவாரம் கழிப்பார்கள், குப்பைக்குழிக்குப் போயிருந்தால் முடிந்தது என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது. பச்சை வலைக்குக் கீழே மல்லிப் பைகள் மட்டும் நான்கைந்து வரிசை நின்றன. எல்லாம் வெட்டிவிட்ட குச்சிகள், எல்லாம் ஒரே கறுப்புப் பை. நானே வெட்டி நானே வைத்த செடி எதுவென்று எனக்குத் தெரியவில்லை. எதிலும் அடையாளம் இல்லாதபடி செய்வதைத்தான் நான் கற்றுக்கொண்டிருந்தேன்.

உட்கார்ந்து ஒவ்வொரு பையிலும் விரலை விட்டு மண்ணைக் கிளறினேன். செம்மண், தேங்காய் நார், செம்மண், தேங்காய் நார். மூன்றாவது வரிசையின் ஓரத்தில் ஒரு பையில் மண் கறுப்பாக இருந்தது. விரலில் டீத்தூள் ஒட்டியது. இன்னும் கொஞ்சம் கிளறினேன், முட்டை ஓடு வந்தது. மட்கவில்லை. அம்மா நசுக்கியது நசுக்கியபடியே இருந்தது.

அம்மா போனதற்கு நான் அன்றைக்குத்தான் அழுதேன். மூக்கு ஒழுக, சத்தமாக, தொட்டி துடைக்கும் பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி.

சூப்பர்வைசர் அண்ணன் ஓடி வந்தார். என் கையில் இருந்த குச்சியைப் பார்த்தார். அதில் ஒரே ஒரு துளிர் இருந்தது, அதுவும் மிளகு அளவுக்கு.

“இது தேறாதும்மா. இத்தினி செடி கீது, நல்லதா ஒண்ணு எடுத்துக்கோ. எல்லாம் ஒண்ணுதான்.”

“வேணாண்ணா” என்றேன். “இதான்.”