மண் தின்ற வாய்

ஏற்காட்டு மலையில் இருக்கிற வெள்ளக்கடையில் மேனகாவின் வீடு எது என்று கேட்டால், "அந்த அடிக்கறவ ஊடுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார்கள். மூன்று வயது நிரம்பாத பெண்ணை அவள் அடிக்கிற அடி அப்படி. விளக்குமாறு, காப்பிச்செடிக் குச்சி, கையில் எது அகப்பட்டாலும் சரி. ஒருமுறை அவள் தள்ளிய வேகத்தில் குழந்தையின் நெற்றி அம்மியில் மோதிப் பிளந்தது. இத்தனைக்கும் பாப்பா செய்த குற்றம் ஒன்றே ஒன்று. மண்ணைத் தின்றாள்.

வீட்டுச் சுவர்தான் பாப்பாவுக்குத் தீனி. நகத்தால் சுரண்டிச் சுரண்டி மண்சுவரில் அவள் உயரத்துக்கு ஒரு பள்ளமே விழுந்திருந்தது. சாணி போட்டு மெழுகினால் சாணியோடு தின்றாள். அடுப்புச் சாம்பலையும் விடவில்லை. உதடு வெளுத்து, வயிறு மட்டும் முன்னால் தள்ளி, நாலு எட்டு நடந்தால் உட்கார்ந்துவிடுகிற குழந்தைக்கு, சுவரைக் கண்டால் மட்டும் எங்கிருந்தோ தெம்பு வந்துவிடும். மேனகா ஓடிவந்து வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டி, "துப்புடி! துப்பு!" என்று வாய்மேலேயே அடிப்பாள்.

அந்த வீட்டுச் சாப்பாட்டையும் சொல்லிவிட வேண்டும். ஏழு மணிக்கு எஸ்டேட்டில் ரைட்டர் வேலையாட்களின் பேர் எழுதுவதற்குள் புருஷனும் பெண்டாட்டியும் போய் நிற்க வேண்டும். ஆகவே காலையில் ஆளுக்கொரு டம்ளர் கடுங்காப்பி. பாப்பாவுக்கு அதில் நனைத்த வர்க்கி ரொட்டி. மற்ற வேளைக்கு ரேஷன் அரிசிச் சோறும் ரசமும். பசி என்று அழுதால் மறுபடி கடுங்காப்பி, அழுகை அடங்கிவிடும். அங்கன்வாடியில் கொடுக்கிற முட்டையை, "மண்ணு திங்கற வவுத்துக்கு ஆவாது" என்று நிறுத்திவிட்டாள் மாரியம்மாள். இவள் மேனகாவின் நாத்தனார், புருஷனுக்கு அக்கா. நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவள். யாரும் கேட்காமலே வைத்தியம் சொல்கிறவள். சத்துமாவு செரிக்காது என்று அது மாட்டுக்குப் போயிற்று. மாடு நன்றாகத்தான் இருந்தது.

மேனகா அடித்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. அது ஊருக்குத் தெரியாது. அவளும் தின்றாள். பாப்பா வயிற்றில் இருந்தபோது தொற்றிய பழக்கம். இப்போது மறுபடி ஐந்து மாதம். ஆசை தலைக்கு ஏறியிருந்தது. மழை நனைத்த மண்ணின் வாசம் வந்தால் போதும், எச்சில் ஊறும். தண்ணீருக்குப் போகிற வழியில் ஒதுங்கி நின்று ஒரு கட்டியை வாயில் போட்டுக்கொள்வாள். தன்னைப் பிடித்த பீடைதான் பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டது என்று நம்பினாள். அந்த வெட்கமும் பயமும் குழந்தையின் முதுகில் அடியாக விழுந்தன. நியாயமா என்றால், இல்லவே இல்லை.

தை மாதத்தில் மாரியம்மாள் சொன்னபடி சூடு வைத்தார்கள். பெற்றவள் கையால் வைத்தால்தான் நிற்கும் என்பது அவள் சட்டம். கணவன் விஜயகுமார் பாப்பாவின் கால்களை அழுத்திக்கொள்ள, மேனகா மஞ்சள் கொம்பைத் தணலில் காட்டித் தொப்புளைச் சுற்றி மூன்று இடத்தில் வைத்தாள். தோல் பொசுங்குகிற நாற்றம் வீடெல்லாம் அடித்தது. பாப்பா கத்திக் கத்தி, கடைசியில் வாய் திறந்திருக்க வெறும் காற்றுதான் வந்தது. மறுநாள் காலையில் வயிற்றுக் கொப்புளத்தோடு போய்ச் சுவரைச் சுரண்டினாள்.

அடுத்த வாரம் வந்த நர்ஸ் செல்வமேரி, பாப்பாவின் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நீங்கெல்லாம் மனுசங்களா?" என்று போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. இருவர் விரலிலும் குத்தி இரத்தம் பார்த்தாள். ஹீமோகுளோபின் பதினொன்று இருக்க வேண்டும். பாப்பாவுக்கு ஆறு, மேனகாவுக்கு ஏழு.

"ரத்தத்துல இரும்புச்சத்து இல்லீனா மண்ணு மேல ஆச வரும். அடிச்சாப் போவுமா அது? சோத்தோட கடுங்காப்பி குடுத்தா இருக்கற சத்தும் ஒடம்புல ஒட்டாது. முட்டையக் குடு, கீரையக் குடு. இனியும் ரத்தம் எறங்குனா புள்ள பொழைக்காது, சொல்லிட்டேன். திங்கக்கெழம ஏற்காடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வா." புறப்படும்போது குரலைத் தாழ்த்தி, "நீயும் திங்கறயா கண்ணு?" என்றாள்.

"இல்லீங்க" என்றாள் மேனகா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தண்ணீர்க் குடத்தோடு திரும்பும்போது வாசலிலேயே பாப்பாவின் அலறல் கேட்டது. உள்ளே விஜயகுமார் குழந்தையை மடியில் இறுக்கித் தாடையைப் பிளந்து பிடித்திருந்தான். மாரியம்மாள் ஒரு குடைக்கம்பியைத் துணி சுற்றிப் பிடித்திருந்தாள். கம்பியின் நுனி பழுத்துச் சிவந்திருந்தது.

"போனவாட்டி உன்ற கை நடுங்கிப் போச்சு, அதான் நிக்கல. நாக்குல ஒண்ணு வெச்சுட்டா அப்புறம் மண்ணத் தொடுமா?" என்றாள்.

குடம் விழுந்து தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. மேனகா பாய்ந்து புருஷனின் முன்கையில் பல் பதியக் கடித்தாள். அவன் விட்ட அறையில் சுவரில் போய் மோதினாள்; மூக்கில் இரத்தம் கொட்டியது. எழுந்து வந்து மாரியம்மாளின் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். கம்பி மேனகாவின் தோளில் இழுபட்டு, ரவிக்கையோடு சதையும் கருகியது. ஐந்து மாத வயிறு என்று யாரும் பார்க்கவில்லை. அவளே பார்க்கவில்லை. விஜயகுமார் மறுபடி குழந்தையின் தாடையைப் பிடித்தான்.

இவர்களை அடித்து ஜெயிக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. திரும்பிச் சுவரில் பத்து விரலையும் பாய்ச்சினாள். நகம் பிய்ந்தது. பெயர்ந்த மண்ணை வாய் கொள்ளாமல் அடைத்து, நறநறவென்று மென்றாள்.

"மொதல்ல எனக்கு வைங்க! மூணு வருசமாத் திங்கறேன்! நல்லாப் பழுக்கக் காச்சி என்ற நாக்குல வைங்க அண்ணி!" மண்ணும் இரத்தமும் மோவாயில் வழிய நாக்கை நீட்டினாள்.

மாரியம்மாளுக்குக் கை எழவில்லை. "அட பாவி, நீயுமா?" என்றாள். விஜயகுமார் மனைவியின் முகத்தையே பார்த்தான். வெளுத்துப்போன அந்த உதட்டை அவன் தினமும் பார்த்தவன்தான். எழுந்து அக்காவின் கையிலிருந்த கம்பியைப் பிடுங்கித் தரைத் தண்ணீரில் எறிந்தான். "நாளைக்கு ஏற்காட்டுக்கு எத்தன மணிக்குப் பஸ்ஸு?" என்று மட்டும் கேட்டான்.

மேனகா சுவரோரம் உட்கார்ந்தாள். பாப்பா தள்ளாடித் தள்ளாடி அவளிடம் வந்தாள். கட்டிக்கொள்ள மேனகா இரண்டு கையையும் நீட்டினாள். பாப்பா கைகளைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தாள். அதற்குள் ஒரு சின்ன விரலை விட்டுத் தோண்டினாள். பிறகு கையை ஓங்கி அம்மாவின் வாய்மேல் அடித்தாள்.

"துப்புடி! துப்பு!"

மேனகா துப்பினாள். பாப்பா மறுபடி அடித்தாள். மேனகா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.