ஒரு வார்டுக்கு இரண்டு பெயர்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. ஆரம்பாக்கத்தை ஒட்டிய எங்கள் ஊரில் நைனாதான் கட்சியின் கிளைச் செயலாளர். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கிளைச் செயலாளர் என்றால் பெரிய பதவி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கொடிக்கம்பத்துக்குப் பெயின்ட் அடிப்பது, கூட்டத்துக்கு வேன் பிடிப்பது, வேனில் ஏறாதவர்களை ஏற்றுவது, இவ்வளவுதான் வேலை. மற்ற நேரமெல்லாம் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையில் ஷிப்ட்.

அந்த வருஷம் முதன்முறையாக நைனா ஒரு முடிவெடுக்க வேண்டி வந்தது. ஒன்றியக் கவுன்சிலர் சீட்டுக்கு எங்கள் ஊரிலிருந்து ஒரே ஒரு பெயரை எழுதித் தரும்படி மேலிடத்தில் கேட்டிருந்தார்கள். சீட்டுக் கேட்டவர்களோ இரண்டு பேர். ஒருவர் நைனாவின் அண்ணன், இன்னொருவர் நைனாவின் தங்கை.

பெரியப்பாதான் ஊரில் கட்சிக்கு மூத்தவர். மறியலில் பதினைந்து நாள் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். தாத்தா இறந்தபின் நைனாவை வளர்த்ததும், தான் வேலை பார்த்த அதே உருக்காலையில் சேர்த்துவிட்டதும் அவர்தான். ஆனால் முந்தைய தேர்தலில் சீட்டு கிடைக்காத கோபத்தில் எதிர்க்கட்சிக்குப் போய், அவர்கள் சின்னத்தில் நின்று தோற்று, எட்டு மாதத்தில் திரும்பி வந்திருந்தார். அத்தை ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல் வேலை பார்த்தாள். கட்சியில் சேர்ந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் ஒரு நாளும் விலகியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் எங்கள் வீட்டில் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். அம்மா நாஷ்டாவுக்கு இட்லி வைத்திருந்தாள். யாரும் தொடவில்லை.

“இருவத்தெட்டு வருசமா கொடி புடிச்சிக்கினு கீறேன். நேத்து வந்தவங்களுக்கு சீட்டா?” என்றார் பெரியப்பா.

“நேத்துதான் வந்தேன், ஒத்துக்கிறேன்,” என்றாள் அத்தை. “ஆனா வந்த எடத்துலயே கீறேன். நடுவுல நீ எங்க போயிருந்த, அதச் சொல்லு.”

“எட்டு மாசம். வெறும் எட்டு மாசம்.”

“அந்த எட்டு மாசத்துலதான் எலக்சன் வந்துச்சு. உனக்கு எதிரா ஊடு ஊடா போயி ஓட்டு கேட்டது யாரு? நான். கூடப்பொறந்தவனுக்குப் போடாதீங்கன்னு இந்த வாயால சொன்னேன். எனக்கு எப்டி இருந்திருக்கும்னு என்னிக்காச்சும் கேட்டியா?”

இருவரும் ஒரே சமயத்தில் நைனாவைப் பார்த்தார்கள். நைனா தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆலையில் சூடு பட்டு அந்தக் கையில் கட்டுப் போட்டிருந்தது. “இட்லி ஆறிப்போவுது, துன்னுங்க,” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த பத்து நாளும் நைனா இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சோற்றைக் கிளறியபடியே உட்கார்ந்திருப்பார். பிறகு ஒரு நாள் மாலை, நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், என்னைக் கூப்பிட்டுக் கோடு போடாத தாள் ஒன்றைக் கொடுத்தார். கையில் கட்டு இருந்ததால் அவரால் எழுத முடியாது. என் கையெழுத்து வகுப்பிலேயே முதல். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

“கட்சி உழைப்பில் என் அண்ணனே மூத்தவர். முறைப்படி முதல் உரிமை அவருக்கே. ஆனால் ஒருமுறை விலகிப் போனவர் மறுபடியும் போகமாட்டார் என்று என்னால் உறுதி கூற இயலவில்லை. என் தங்கை இளையவர். பேச்சில் நிதானம் போதாது. எனினும் சொந்த அண்ணனே எதிரில் நின்றபோதும் கட்சியை விடாதவர். ஆகவே அவர் பெயரைப் பரிந்துரைக்கிறேன்.”

‘பரிந்துரைக்கிறேன்’ என்ற சொல்லை ஒரு பிழையும் இல்லாமல் எழுதிவிட்டேன். அந்தப் பெருமை எனக்குத் தாங்கவில்லை. மறுநாளே பெரியப்பா வீட்டுக்குப் போய்க் கடிதம் முழுவதையும் மனப்பாடச் செய்யுள் மாதிரி ஒப்பித்தேன். பெரியப்பா கடைசிவரை கேட்டார். “நல்லா எழுதிக்கீற கண்ணு,” என்று என் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனார். அங்கிருந்து நேராக அத்தை வீட்டுக்கு ஓடி அங்கும் ஒப்பித்தேன். நிதானம் போதாது என்ற இடத்தில் அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். “மொத உரிமை அவருக்குன்னா எனக்கு இன்னாத்துக்கு எழுதுறான்? பிச்சையா போடறான்?” என்றாள்.

இத்தனைக்கும் பிறகு அந்த வார்டைக் கூட்டணிக் கட்சிக்கு ஒதுக்கிவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பக்கமே வந்திராத ஒருவர் வேட்பாளரானார். சின்னம்கூடப் புதுசு. பெரியப்பாவும் அத்தையும் ஒரே ஆட்டோவில் உட்கார்ந்து அவருக்காக மைக்கில் மாறி மாறி ஓட்டுக் கேட்டார்கள். அண்ணனும் தங்கையும் சமாதானமாகிவிட்டார்கள் என்று ஊரே சொன்னது. அது உண்மைதான். நைனாவிடம் மட்டும் இரண்டு பேரும் பேசவில்லை.

“லெட்டர்ல இருந்தத நீயா அவுங்ககிட்ட சொன்ன?” என்று நைனா ஒரு நாள் என்னைக் கேட்டார். அடி விழும் என்று பயந்தபடி தலையாட்டினேன். அவர் அடிக்கவில்லை. “வுடு, பொய் ஒண்ணும் எழுதலியே,” என்றார். நான் விளையாட ஓடிவிட்டேன்.

பொங்கலுக்கு எல்லாரும் பெரியப்பா வீட்டில் கூடுவதுதான் எங்கள் வழக்கம். அந்தப் பொங்கலன்று காலையில் நைனா யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, ஃபோர்மேன் அவசரமாகக் கூப்பிட்டார் என்று சொல்லி ரயில்வே ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். அம்மாவும் நானும் மட்டும் பெரியப்பா வீட்டுக்குப் போனோம். அத்தையும் வந்திருந்தாள். “அவன் எங்க?” என்றார் பெரியப்பா. அம்மா வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். “நைனா இல்லாட்டி அங்க மெஷினே ஓடாதாம். அதான் ஆள் அனுப்பிக் கூப்ட்டாங்க.”

பெரியப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை உள்ளே போய் நான்கு அடுக்குக் கேரியரைக் கழுவி எடுத்து வந்து சர்க்கரைப் பொங்கலை அழுத்தி அழுத்தி நிரப்பினாள். அதில் முந்திரியைப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டாள். “நா போய் குடுத்துட்டு வரேன்,” என்று பெரியப்பா பைக்கை எடுத்தார்.

பொழுது சாய்ந்த பிறகுதான் தனியாகத் திரும்பினார். கேரியர் காலியாக இருந்தது. வேலை நேரத்தில் ஆலை கேட்டில் இவரை எப்படி உள்ளே விட்டார்கள் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். பல வருஷம் கழித்து அதே தொழிற்பேட்டையில் நானும் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், பொங்கலன்று அந்த ஆலையில் உலையே மூட்டுவதில்லை என்று தெரிந்தது. அங்கே அத்தனை வருஷம் வேலை பார்த்த பெரியப்பாவுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? அன்றைக்கு அவர் நைனாவை எங்கே தேடிப்பிடித்தார், இருவரும் எங்கே உட்கார்ந்து அந்தப் பொங்கலைச் சாப்பிட்டார்கள் என்பதை இரண்டு பேரும் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.