அரிவாளோடு துரத்திய அம்மா

போன ஆவணியில், மேச்சேரிக்குப் பக்கத்தில், ஒரு பெண்மணி என்னை வெட்டத்தான் அரிவாளோடு துரத்துகிறார் என்று மனப்பூர்வமாக நம்பினேன். நம்பக் காரணமும் இருந்தது. ஒரு கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டதென்று வண்டியை விரட்டிப் போய், சாலையைக் கடந்த அவருடைய சினை ஆட்டின் மேல் மோதிவிட்டேன். ஆடு கிடந்து காலை உதைத்தது. வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

ஆட்டை அடித்தால் ஊரே திரண்டு வரும் என்று கேள்விப்பட்டவன் நான். வந்ததோ ஒரே ஒரு அம்மாதான், ஆனால் கையில் அரிவாள். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் பாய்ந்தேன். என் தொப்பைக்கு இத்தனை வேகம் உண்டென்று அன்றுதான் தெரிந்தது. அவர் கத்துவது காதில் விழுந்தது, என்னவென்று புரியவில்லை. எனக்குப் பிறகு கட்ட ஆளில்லாத என் பட்டுவேட்டியை நினைத்துக்கூட ஒரு நொடி கலங்கினேன்.

சட்டைக் காலரை யாரோ பிடித்து இழுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு மல்லாந்து விழுந்தேன். திறந்தால், என் செருப்பு நுனிக்கு முன்னால் தரையே இல்லை. சுற்றுச்சுவர் இல்லாத பாறைக் கிணறு, பனைமர ஆழத்துக்கு. நான் தட்டிவிட்ட மண்ணாங்கட்டி அடியில் போய் விழும் சத்தம் அப்புறம்தான் கேட்டது.

"ஏஞ் சாமி, கெணத்துல போயி உழுகறதுக்கா இந்த ஓட்டம்?" என்றார் மூச்சு வாங்க.

"நீங்க வெட்ட வாரீங்கன்னு நெனச்சனுங்க."

அப்போதுதான் தன் கையைப் பார்த்தார். சிரித்துவிட்டார். "ஆட்டுக்குத் தழை அறுத்துட்டு இருந்தேன் சாமி. இதைக் கீழ போடக்கூடத் தோணல."

இருவரும் சாலைக்குத் திரும்பினோம். ஆடு எழுந்து நொண்டிக்கொண்டிருந்தது. அவர் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்து, குட்டி அசைகிறது என்றார். பிறகு பாட்டில் தண்ணீரால் என் முழங்காலைக் கழுவிவிட்டார்.

வீடு, கடை, வண்டி என்று சேர்த்து வைத்திருப்பதாக இத்தனை நாள் பீற்றிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவின் மனசுக்கு முன்னால் என்னுடையது எதுவும் நிற்காது. அவரிடம் இருந்ததே அந்த ஒரு ஆடுதான். அது உதைத்துக்கொண்டு கிடந்தபோது அதை அப்படியே விட்டுவிட்டு, அதை அடித்தவனைக் காப்பாற்ற ஓடி வந்தார்.